ஏரிக்கரையில் ஆளில்லாத மதியம்

தங்கை வீட்டுக்குப் போய்ச்சேர ஒல்லிக்கு மூன்று வருடம் பிடித்தது. தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது. ரயிலில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் வழியில் ஆறு குறுக்கே வந்தது. அவன் இருந்த பெருநகரத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் வேறொரு மொழி. நகரத்துக்குள் கடைப் பலகை, பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இரண்டிலும் இருக்கும். பாலத்தைத் தாண்டிப் புறநகர்ப் பக்கம் போகப் போக, இவன் மொழி பலகையின் அடிவரிக்கு இறங்கி, எழுத்து பொடியாகி, ஏரிக்கரையை எட்டும்போது சுத்தமாகக் காணாமல் போய்விடும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இன்னொருத்தர் கை நுழையாத இடுக்கில் இவன் ஆளாகவே நுழைந்துவிடுவான் என்பதால் வேலையிடத்தில் அவனுக்கு ஒல்லி என்று பெயர் நிலைத்துவிட்டது. இருபதாவது மாடி உயரத்தில், கூண்டின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக டீ குடிப்பான். ஆனால் யாராவது எதிரே வந்து அந்தப் பக்கத்து மொழியில் நாலு வார்த்தை பேசிவிட்டால் போதும், உள்ளங்கை வேர்த்துவிடும். தங்கை கட்டிக்கொண்டது அந்தப் பக்கத்து மாப்பிள்ளையை. மாப்பிள்ளை தங்கமான மனுஷர், இரண்டு மொழியும் சரளமாகப் பேசுவார். ஆனால் கல்யாணத்தன்று அவருடைய சொந்தக்காரர்கள் ஒல்லியைச் சுற்றி நின்று ஏதோ பேசிச் சிரித்தார்கள். அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்களா, வேறெதற்காவது சிரித்தார்களா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்கப்புறம் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது வேலை வந்துவிடும்.

போன மாதம் தங்கை ஃபோனில் ஒரே போடாகப் போட்டாள்.

"அண்ணா, சிட்டுக்கு ரெண்டு வயசாச்சு. நீ ஃபோனுக்குள்ளயே குடியிருக்கிற ஆளுன்னு நினைச்சுட்டு இருக்கா. ஃபோனைத் தலைகீழா ஆட்டி உன்னை வெளிய எடுக்கப் பாக்கறா."

அதற்குமேல் அவனால் சால்ஜாப்பு சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை வருவதாகச் சொன்னான். வியாழக்கிழமை வேலையில் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து அந்த ஃபோன் நழுவி, பதினொரு மாடி ஆழத்துக் குழியில் விழுந்து சுக்குநூறாகிப் போனது. தங்கை நம்பர் அதற்குள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒப்புக்கொண்டிருந்த கட்டடத்தில் வேலை தள்ளிப்போனதால், ஒரு நாள் முன்னதாகவே போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக் கிளம்பினான். விலாசம் எழுதிய துண்டுச் சீட்டு பர்சில் இருந்தது. சட்டைப் பையில் வழக்கம்போல் ஒரு சின்னத் திருப்புளி. தங்கை மகள் சிட்டுவுக்கு ஒரு மரக் குதிரை.

ரயில் ஏரிக்கரை ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே நின்றுவிட்டது. ஒலிபெருக்கி அந்த மொழியில் நீளமாக ஏதோ சொன்னது. பிறகு இவன் மொழியில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பெட்டி முழுக்க ஒரே சலசலப்பு. எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "மன்னிக்கவும்" என்ற ஒரு சொல்தான் அவன் காதில் விழுந்தது. குடை வைத்திருந்த ஒருவரிடம் என்ன விஷயம் என்று கேட்டான். அவர் வார்த்தைகளைத் தேடிப் பொறுக்கி, "ரயில் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, நகரத்துக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

ரயிலில் கோளாறு என்று ஒல்லி நினைத்தான். கோளாறுகளோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்த ஸ்டேஷனிலிருந்து ஏரியை ஒட்டியே ஒரு நடைபாதை போகிறது, அரை மணி நடந்தால் எங்கள் தெரு வந்துவிடும் என்று தங்கை எப்போதோ சொல்லியிருந்தாள். ஸ்டேஷனின் பின்வாசல் வழியாக இறங்கினான். தார்ச்சாலையில் அதற்குள் போலீஸ் தடுப்பு வைத்துவிட்டார்கள் என்பதும், நடைபாதையை மறிக்க ஆள் அனுப்ப இன்னும் பத்து நிமிஷம் ஆனது என்பதும் அவனுக்குப் பிற்பாடு தெரிந்த விஷயங்கள்.

ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு சுருக்கம் இல்லை. துடுப்புப் படகுகள் கயிற்றில் அசையாமல் நின்றன. முதல் பத்து நிமிஷம் அவனுக்கு மனசு நிறைந்திருந்தது. இப்படி ஓர் இடத்தில் தங்கை குடியிருக்கிறாளே என்று பெருமைகூட வந்தது. பிறகுதான், எதிரே ஒருத்தர்கூட வரவில்லை என்பது உறைத்தது. ஒரு பெஞ்சில் புத்தகம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் மூக்குக் கண்ணாடி. கண்ணாடியை விட்டுவிட்டு யார் போவார்கள்? இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு சைக்கிள் பாதையின் குறுக்கே விழுந்து கிடந்தது. வெகுதூரத்தில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனது. கடையில் ஏதோ தள்ளுபடி போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டானே தவிர நடை வேகமாகிவிட்டது.

தெருவுக்குள் நுழைந்தபோது பயம் நிஜமாகவே வந்து தோளில் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் தோட்டம் வைத்த வீடுகள். தெருக்கோடியில் ஓர் ஆறு மாடிக் குடியிருப்பு. எங்கும் ஆள் அரவம் இல்லை. ஒரு தோட்டத்தில் குழாய் திறந்தபடி கிடக்க, தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காரின் பின்கதவு திறந்திருந்தது. ஏதோ ஒரு வீட்டுக்குள் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது, அதே மொழியில், அவசரமில்லாத குரலில். ஒவ்வொரு வாசல் கதவிலும் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில் நாலு வரி, அடியில் பேனாவால் 12.40, 12.45 என்று நேரம். அந்த ஊர் நகர மன்றம் தன் மொழியில் மட்டும்தான் எதையும் அச்சடிக்கும், அதற்காக ஒரு வழக்கே நடக்கிறது என்று மாப்பிள்ளை ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். ஒல்லி ஒரு தாளின் முன்னால் நின்று எழுத்தைப் பார்த்தான். எழுத்து அவனைப் பார்த்தது. தொற்றுநோயா? வீட்டை எல்லாம் சீல் வைத்துவிட்டார்களா? யாரையாவது தேடுகிறார்களா?

பதினேழாம் எண் வீட்டிலும் தாள் இருந்தது. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"அம்மாடி... சிட்டு..."

சமையலறைப் பலகையில் பாதி நறுக்கிய கேரட், பக்கத்தில் கத்தி. அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தான், லேசான சூடு இருந்தது. நடுவீட்டில் குழந்தையின் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. இன்னொன்றைத் தேடினான், கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு குழந்தையை யார் எங்கே தூக்கிக்கொண்டு போனார்கள்? மரக் குதிரையை மேஜைமேல் வைத்தான். ஏன் வைத்தோம் என்று தெரியாமலே மறுபடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அப்போது ஒரு ஃபோன் அடித்தது. இந்த வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில். அடித்து ஓய்ந்தது, உடனே மறுபடி அடித்தது. யாரோ விடாமல் கூப்பிடுகிறார்கள். அங்கே போனால் ஒரு மனிதக் குரலாவது கேட்கலாம் என்று ஓடினான். அந்த வீட்டு வாசலிலும் மஞ்சள் தாள், 12.50. மணி அடித்துப் பார்த்தான், கதவைத் தட்டினான், பதில் இல்லை. பக்கவாட்டில் ஒரு ஜன்னல். கனத்த திரை போட்டிருந்தாலும் ஓரத்தில் விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தான்.

கட்டிலின் ஓரத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பெண்ணின் பாதங்கள், விரல்கள் மேல்நோக்கி, அசைவில்லாமல்.

கண்ணாடியைத் தட்டினான். பாதங்கள் அசையவில்லை. கையை மடக்கிக் குத்தினான். அசையவில்லை. ஊர் முழுக்க இப்படித்தான் கிடக்கிறார்களோ என்று அப்போது தோன்றியது. ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு கட்டிலிலும். தங்கை வீட்டு மாடியை அவன் பார்க்கவில்லை.

பின்கதவு வெறும் கொக்கிதான். திருப்புளியை நுழைத்து நெம்பினான். சமையலறை மேஜையில் ஃபோன் மின்னி மின்னி அலறியது. அதைத் தாண்டிப் படுக்கையறைக் கதவைத் திறந்து, "அம்மா... ஏங்க..." என்றான். அருகே போய்ப் பாதத்தைத் தொட்டான்.

அந்தப் பெண் வீறிட்டுக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் கையில் சிக்கிய தண்ணீர்ப் பாட்டிலை வீசினாள். அது அவன் நெற்றியில் நச்சென்று பட்டது. ஒல்லி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவள் காதிலிருந்து பஞ்சு அடைப்பான்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த மொழியில் பொரிந்து தள்ளினாள். ஐம்பது வயதிருக்கும். நாற்காலியில் நர்ஸ் உடுப்பு மடித்து வைத்திருந்தது. ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து, காதை அடைத்து, திரையை இழுத்துவிட்டு, ஃபோனைச் சமையலறையில் வைத்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். மஞ்சள் தாள் ஒட்ட வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று போயிருக்கிறார்கள்.

இதெல்லாம் அவனுக்கு அப்போது எங்கே தெரியும்? அவள் கண்ணில் தான் ஒரு திருடன், அல்லது அதைவிட மோசம் என்பது மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டைக் கை காட்டினான். அண்ணன், தங்கை என்றான். அவளுக்குப் புரியவில்லை. கட்டிலடியில் எதையோ தேடித் துழாவினாள். அவன் கடைசி முயற்சியாக, "சிட்டு" என்றான். "சிட்டு, சிட்டு" என்று சொல்லி, முழங்கால் உயரத்துக்குக் கையைத் தாழ்த்திக் காட்டி, பையிலிருந்த மரக் குதிரையை எடுத்து நீட்டினான்.

அவள் கை நின்றது. "சிட்டு?" என்று கேட்டாள். அவன் முகத்தை, மூக்கை, தாடையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே மூக்கு. அது அன்றைக்கு உதவியது.

அவன் வாசலைச் சுட்டிக் காட்டி, வாருங்கள் என்று சைகை செய்தான். அவள் சால்வையைச் சுற்றிக்கொண்டு தள்ளித் தள்ளி நின்றபடியே வந்து, மஞ்சள் தாளைப் படித்தாள். ஒல்லி தாளைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான். முதல் வரியில் புருவம் சுருங்கியது. இரண்டாவது வரியில் உதடு வெளுத்தது. மூன்றாவது வரியில் அவள் தலையைத் தூக்கிக் காற்றை மோந்தாள்.

அவனும் மோந்தான். ரொம்ப லேசாக, கழுவின கக்கூஸ் வாசனை. ப்ளீச்சிங் பவுடர்.

நர்ஸம்மாவுக்கு இவன் மொழி தெரியாது என்று சொல்ல முடியாது. நோயாளிகளிடம் பேசுகிற அளவுக்குத் தெரியும், அந்த வார்த்தைகள் மட்டும் தெரியும். அதற்குள்தான் அவள் இப்போது எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஏரியின் கோடியில் இருந்த குடிநீர் நிலையத்தின் பக்கம் கையை நீட்டினாள். "மூச்சு," என்றாள். "மூச்சு இழுக்காதீங்க. கெட்ட மருந்து. வெளிய வந்துடுச்சு." அவன் விழித்தான். அவள் மூக்கைப் பொத்தி, கையைத் தரையோடு தரையாக அலை மாதிரி நகர்த்திக் காட்டினாள். "கீழ... கீழ படுக்குது. மெதுவா வருது."

குளோரின். நகரத்துக் குடிநீரில் கலக்க உருளை உருளையாக வைத்திருப்பார்களே, அது கசிந்துவிட்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயம் குறையும் என்பார்கள். அவனுக்கு அப்படி இல்லை. இதுவரை எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரியாமல் பயந்தான், இனிமேல் தெரிந்து பயந்தான்.

ஃபோன் மறுபடி அடித்தது. கூப்பிட்டது அவள் ஆஸ்பத்திரி. அவள் பேசினாள், கேட்டாள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள், வைத்தாள். காற்று திரும்பிவிட்டது, வெளியே போகும் சாலை எல்லாம் பள்ளத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதே, உயரமான இடத்துக்குப் போ, மீட்க ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அவள் அவனிடம் ஒரே வார்த்தையில் சொன்னாள்.

"மேல."

தெருக்கோடியின் ஆறு மாடிக் கட்டடத்தைக் காட்டினாள்.

ஒல்லி தங்கை வீட்டுப் பக்கம் ஓடினான். அவள் கத்தினாள், கையைப் பிடித்து இழுத்தாள், அவன் உதறினான். மாடியைப் பார்க்காமல் அவனால் எப்படிப் போக முடியும்? படியேறி ஒவ்வொரு கதவாகத் திறந்தான். கட்டிலில் தலையணைகள். தொட்டிலில் ஒரு துணிப் பொம்மை. குளியலறை. அலமாரிக்குப் பின்னால்கூடப் பார்த்தான். யாரும் இல்லை. அந்த யாரும் இல்லாமை அவனுக்கு நிம்மதியாகவும் இல்லை, திகிலாகவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் தொங்கியது. இறங்கி வருவதற்குள் வாசனை கனத்திருந்தது. கண் எரிந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு நாய் குரைத்துக்கொண்டிருந்தது. குரைப்பு இருமலாக மாறியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

நர்ஸம்மா போகவில்லை. இரண்டு துண்டுகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். ஒன்றை அவன் முகத்தில் கட்டிவிட்டாள். கட்டிய விதத்தில் கோபம் தெரிந்தது.

இருநூறு அடி தூரம்தான். தெருவில் ஓடும்போது இடதுபுறத்துத் தோட்டங்களுக்குள் அவன் அதைப் பார்த்தான். மஞ்சளும் பச்சையும் கலந்த மெல்லிய புகை, வேலிக்குக் கீழே, புல்லோடு புல்லாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அது தொட்ட புல் வெளுத்தது. ஒரு புறா நடைபாதையில் இறக்கையை விரித்துப் படுத்திருந்தது.

கட்டடத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. லிஃப்ட் தரைத்தளத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. படிக்கட்டு இருட்டு. அவன் நர்ஸம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அவளுக்கு வலது முழங்கால் சரியில்லை, ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியை இழுத்து ஏறினாள். முதல் மாடி. கீழே கதவுச் சந்து வழியாக வாசனை அவர்களைத் துரத்திக்கொண்டு வந்தது. இரண்டாவது மாடி. அங்கே அவள் குனிந்துவிட்டாள். இருமல் அவளைப் பிடித்து உலுக்கியது. அவன் நெஞ்சுக்குள்ளும் யாரோ தீக்குச்சியைக் கிழித்த மாதிரி இருந்தது.

ஒல்லி அவள் கையை விட்டான்.

விட வேண்டும் என்று யோசித்து விடவில்லை. கை தானாக விட்டது, கால் தானாக ஓடியது. மூன்றாவது மாடி, நான்காவது மாடி. அங்கே காற்று சுத்தமாக இருந்தது. துண்டை இறக்கிவிட்டு வாயைத் திறந்து குடித்தான். கீழிருந்து இருமல் கேட்டது. ஒரு நிமிஷம் இருக்குமா? அரை நிமிஷம்தான் இருக்கும். அந்த அரை நிமிஷம் அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றான். அவள் யாரோ, நான் யாரோ என்று ஒரு குரல். நான் எழுப்பியிராவிட்டால் எப்படியும் செத்திருப்பாள் என்று இன்னொன்று. எல்லாம் அவனுடைய குரல்தான், அவனுடைய மொழியில்தான் பேசின. எதற்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இருமல் நின்றது. நாய் நின்றுபோனது ஞாபகம் வந்தது. அவன் துண்டை இழுத்து மூக்கில் கட்டிக்கொண்டு கீழே ஓடினான்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, மூச்சை அடக்கி ஏறினான். எப்படி ஏறினான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒடிசலான ஆள், அவளோ நல்ல கனம். மொட்டைமாடிக் கதவில் பூட்டு தொங்கியது. திருப்புளியை எடுத்துக் கொண்டியின் திருகாணிகளைக் கழற்றினான். நாலு திருகாணி. வழக்கமாக ஒரு நிமிஷ வேலை. மூன்று தடவை திருப்புளி கீழே விழுந்தது.

மேலே வெயிலும் காற்றும் இருந்தன. லிஃப்ட் மோட்டார் அறையின் சுவரில் சாய்ந்து இருவரும் உட்கார்ந்தார்கள். கீழே தெரு முழுக்க அந்த மங்கலான புகை பரவி, முதல் மாடி ஜன்னல்வரை தேங்கி நின்றது. நர்ஸம்மா ஃபோனில் தாங்கள் இருக்குமிடத்தைச் சொன்னாள். பிறகு, தன்னிடம் இருந்த தங்கையின் நம்பரை அடித்துக் கொடுத்தாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். லைன் கிடைக்கவில்லை. ஒல்லிக்கு மூச்சு தாறுமாறாக ஓடியது. விரல்கள் மரத்துப்போயின.

"மூச்சு இழுங்க," என்றாள் அவள். "மெதுவா. விடுங்க. பயப்படாதீங்க."

அவள் குரலும் நடுங்கியது. ஆனால் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைகள், அவை நடுங்கவில்லை. அவன் இழுத்தான், விட்டான். அவனைப் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, பேச வார்த்தைதான் இல்லை. இருப்பதையே எடுத்தாள்.

"நேத்து நல்லா தூங்கினீங்களா?"

"தூங்கினேன்."

"எங்க வலிக்குது?"

"நெஞ்சுல. தொண்டையில."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் திரும்பிப் பார்த்தான். "இன்னும் சாப்பிடலை," என்றான்.

"காலையில வெளிக்கு போனீங்களா?"

போனேன் என்று அவன் பயபக்தியோடு பதில் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலானது, இருமலோடு சேர்ந்து அவனுக்கும் சிரிப்பு வந்தது. அப்படியே அழுகையும் வந்துவிட்டது. அவள் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகை இரண்டாவது மாடிக்கு ஏறுகிறதா என்றுதான் பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. அவனும் அதைத்தான் பார்த்தான். ஒன்றரை மணி நேரம் இருவரும் அந்த ஜன்னல் விளிம்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முகமூடியும் முதுகில் காற்று உருளையும் மாட்டிய ஆட்கள் வந்து, இவர்களுக்கும் முகமூடி மாட்டி, கீழே இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரிய கூட்டம். கதவு திறந்ததும் ஒல்லி கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு, யார் தடுத்தும் கேட்காமல் ஓடிவந்தாள். குழந்தையின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

நாளைக்கு வருவதாகச் சொன்ன அண்ணன் இன்றைக்கு வண்டிக்குள் படுத்திருப்பதைப் பார்த்து அவள் மலைத்து நின்றாள். பக்கத்து வீட்டு நர்ஸை இறக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் ஓடிவந்திருந்தாள். பன்னிரண்டே முக்கால் மணிக்கு அரைகுறையாகக் குழந்தையை வாரிக்கொண்டு, ஊரைக் காலிசெய்ய வந்த வேனில் ஏறியபோது, நர்ஸுக்கு அன்றைக்குப் பகல் வேலை என்று நினைத்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லி ஆஸ்பத்திரி வரைக்கும் அழுதாள்.

ஒல்லியை மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். நர்ஸம்மாவை ஐந்து நாள், இருவரையும் அவள் வேலை பார்க்கிற அதே வார்டில். குடிநீர் நிலையத்தில் வால்வை மூட உள்ளே போன ஆபரேட்டர் ஒருவர் இறந்துவிட்டார். அவர் பாதி மூடியிருக்காவிட்டால் புகை ஆறு மாடியையும் விட்டுவைத்திருக்காது என்று மாப்பிள்ளை சொன்னார். அதைக் கேட்டபின் ஒல்லியால் சாப்பிட முடியவில்லை. ஒருவர் உள்ளே போயிருக்கிறார். நான் மேலே ஓடினேன்.

வார்டில் எல்லாரும் அவனைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். நர்ஸம்மாவின் கூட வேலை பார்க்கிறவர்கள் வந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் தங்கையிடம் சொல்லிவிட்டான், படிக்கட்டில் நடந்ததை, ஒன்று விடாமல்.

அவள் அவன் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "திரும்பிப் போனியா இல்லையா?" என்றாள்.

"போனேன்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம்தான் போனேன். மொதல்ல ஓடினேன்."

மாப்பிள்ளை கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒல்லி அவரைக் கூப்பிட்டு, அந்தம்மாகிட்ட இதைச் சொல்லணும், நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை, என்றான். அவர் தயங்கினார். இவன் பிடிவாதம் பிடித்தான். இரண்டு கட்டில் தள்ளி, மூக்கில் குழாயோடு படுத்திருந்தவளிடம் மூவரும் போனார்கள். மாப்பிள்ளை அந்த மொழியில் மெதுவாகச் சொன்னார். ஒல்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மொழியைக் கேட்கும்போது வழக்கமாக வேர்க்கும் கை அன்றைக்கும் வேர்த்தது. அதற்கு வேறு காரணம்.

அவள் நீளமாகப் பதில் சொன்னாள். நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அவங்களுக்குத் தெரியுமாம் மச்சான். நீங்க ஓடின காலடிச் சத்தம் கேட்டுச்சாம். அங்க உக்காந்துகிட்டு, நான் மேல இருந்து இந்த ஆள் கீழ இருந்தா நான் இறங்கி வந்திருப்பேனான்னு யோசிச்சாங்களாம். இப்ப வரைக்கும் யோசிக்கிறாங்களாம். பதில் வரலையாம்."

நர்ஸம்மா கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கிறாளா, சும்மா பிடித்திருக்கிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. கையை எடுக்காமல் கட்டிலோரத்தில் உட்கார்ந்தான்.

தெருவைக் கழுவிவிட்டு, பதினைந்து நாள் கழித்து ஜனங்களைத் திரும்ப விட்டார்கள். ஏரி பழையபடிதான் இருந்தது என்று தங்கை சொன்னாள், ஆனால் காற்று அடிக்கும் திசையைப் பார்க்காமல் அவளால் துணி காயப்போட முடியவில்லை. இரண்டு மாதத்தில் மேட்டுப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒல்லி நகரத்துக்குத் திரும்பி வேலையில் சேர்ந்தான். காலையில் யாராவது கட்டடத்தின் படிகளை மருந்து போட்டுக் கழுவியிருந்தால், அந்த வாசனையில் அவன் கால் முதல் படியிலேயே நின்றுவிடும். கூட வேலை பார்ப்பவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, வாசனை போகும்வரை அவனோடு வெளியே நிற்பார்கள்.